படிவம் கேட்காத காலம்

2020 மார்ச்சில் அமெரிக்கப் பள்ளிக்கூடங்கள் வரிசையாகப் பூட்டப்பட்டபோது ஊரே ஸூமைப் பற்றித்தான் பேசியது. டீச்சர் முகம் தெரிகிறதா, பையன் மைக்கை அணைத்தானா, திரையைப் பார்த்துப் பிள்ளை எழுத்துக் கூட்டப் பழகுமா? அந்த வருஷங்களைப் பற்றி இன்றைக்கு எழுதுகிறவர்களும் பெரும்பாலும் அதையேதான் எழுதுகிறார்கள். நான் அப்போது சியாட்டலுக்குக் கிழக்கே ஏரியைத் தாண்டி இருக்கும் ஒரு புறநகரில் பள்ளிச் சமையலறை ஊழியர். வகுப்பு எப்படி நடந்தது என்பதை என் பிள்ளைகளின் அறைக் கதவு வழியாகத்தான் பார்த்தேன். ஆனால் வீட்டுக்குள் அடைந்து கிடந்த குடும்பங்களுக்கு ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்னென்ன செய்தது, அதில் எது போய்ச் சேர்ந்தது, எது வழியிலேயே நின்றது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

பார்த்த அளவில் எனக்கு ஒரு கட்சி உண்டு. யாரையும் எதையும் நிரப்பச் சொல்லாமல் கொடுத்தது போய்ச் சேர்ந்தது. ‘தேவைப்படுவோர் விண்ணப்பிக்கவும்’ என்று சொல்லிக் கொடுத்தது பாதிப் பேரைத்தான் எட்டியது, அதுவும் அவ்வளவாகத் தேவைப்படாத பாதியை.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே டிஸ்ட்ரிக்ட் என்றால் கலெக்டர் ஆளும் மாவட்டம் இல்லை. பள்ளிகளுக்கென்றே தனியாக உள்ள உள்ளாட்சி அமைப்பு. தனக்கென்று தேர்தலில் ஜெயித்த போர்டு, தனக்கென்று சொத்துவரியில் பங்கு, தனக்கென்று பஸ், டிரைவர், சமையலறை, நர்ஸ், கணினிப் பிரிவு. நாடு முழுக்க 13,000 சொச்சம் டிஸ்ட்ரிக்ட்கள் இருக்கின்றன, எங்கள் வாஷிங்டன் மாநிலத்தில் மட்டும் 295. டெல்லியில் இருந்து ஓர் உத்தரவு போட்டால் எல்லாப் பள்ளியிலும் ஒரே நாளில் நடப்பது போன்ற ஏற்பாடு இங்கே கிடையாது. கொரோனா வந்தபோது அவரவர் டிஸ்ட்ரிக்ட் அவரவர் யோசனைப்படி நீந்தியது.

முதலில் குதித்தது எங்கள் பக்கத்து டிஸ்ட்ரிக்டான நார்த்ஷோர். பாத்தல், கென்மோர், வுடின்வில் ஊர்களைச் சேர்ந்தது, ஏறக்குறைய 23,000 மாணவர்கள். தமிழ்க் குடும்பங்களும் கணிசமாக உண்டு. பிப்ரவரி கடைசியிலேயே பாத்தல் உயர்நிலைப் பள்ளியைக் கிருமிநீக்கம் செய்வதற்காக மூடினார்கள். அப்புறம் பக்கத்து ஊரான கர்க்லாண்டின் மருத்துவமனையில் முதல் சாவுச் செய்தி வந்தது. மார்ச் 3 அன்று பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டு ஆசிரியர்களுக்கு ஆன்லைன் பயிற்சி கொடுத்தார்கள், 5-ஆம் தேதி எல்லாப் பள்ளிகளையும் மூடினார்கள், 9-ஆம் தேதி திங்கட்கிழமை இணையத்தில் வகுப்பு தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் இதை முதலில் செய்தவர்களில் அவர்களும் உண்டு. கணினி இல்லாத வீட்டுக்குக் கணினி, இணையம் இல்லாத வீட்டுக்கு ஹாட்ஸ்பாட் என்று வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்தார்கள். மைக்ரோசாஃப்ட் ஆட்கள் நிறையக் குடியிருக்கும் பகுதி, அவர்களால் முடியாவிட்டால் யாரால் முடியும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அந்த வாரம் முடிவதற்குள் நிறுத்திவிட்டார்கள்.

காரணம் தொழில்நுட்பம் இல்லை, சட்டம். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்கும், ஆங்கிலம் இப்போதுதான் கற்றுக்கொள்கிற பிள்ளைக்கும், வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லாத பிள்ளைக்கும் சமமாகக் கொடுக்க முடியாத வகுப்பை மற்றவர்களுக்கு மட்டும் நடத்தலாமா என்ற கேள்வி எழுந்தது. நடத்தக் கூடாது என்பதுதான் அன்றைக்கு மாநிலக் கல்வித்துறை காட்டிய வழி. மார்ச் 12 அன்று ஆளுநர் ஜே இன்ஸ்லி எங்களுடையது உட்பட மூன்று கவுண்டிகளின், அதாவது மாநிலத்தின் உட்பிரிவுகளின், பள்ளிகளை மூடச் சொன்னார், மறுநாள் மாநிலம் முழுக்க. மார்ச் 21 அன்று மத்தியக் கல்வித்துறை, ‘மாற்றுத்திறனாளிச் சட்டத்தைக் காரணம் காட்டி இணைய வகுப்பை நிறுத்தத் தேவையில்லை’ என்று விளக்கம் கொடுத்தது. அதற்குப் பிறகு எங்கள் மாநிலமும் மார்ச் 30-க்குள் ஏதாவது ஒரு வகையில் பாடம் தொடங்கியாக வேண்டும் என்றது.

நார்த்ஷோர் நிறுத்தியதை அப்போது நிறையப் பெற்றோர் திட்டினார்கள். ‘நாலு பேருக்குக் கிடைக்கவில்லை என்பதற்காக நாற்பது பேருக்கும் இல்லையா’ என்று எங்கள் வாட்ஸாப் குழுவில் கொதித்தவர்கள் உண்டு. எனக்கு அந்த நிறுத்தம் தப்பாகப் படவில்லை. யாருக்குக் கிடைக்கவில்லை என்ற கேள்வியைக் கல்வி அதிகாரிகள் வாயாலேயே, அதுவும் முதல் வாரத்திலேயே கேட்கவைத்தது அதுதான். அந்த டிஸ்ட்ரிக்டின் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளர் மிஷேல் ரீடை 2021-க்கான தேசிய அளவிலான சிறந்த கண்காணிப்பாளராகப் பின்னால் தேர்ந்தெடுத்தார்கள்.

இனி எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன். சாப்பாடு.

கொரோனாவுக்கு முன்பு எங்கள் பள்ளியில் மதியச் சாப்பாடு மூன்று விலையில் இருந்தது. இலவசம், குறைந்த விலை, முழு விலை. வறுமைக்கோட்டு வருமானத்தின் 130 சதவீதத்துக்குள் இருந்தால் இலவசம், 185-க்குள் இருந்தால் அதிகபட்சம் 40 சென்ட், அதற்கு மேலே போனால் முழு விலை. உணவு உதவித் திட்டமான ஸ்நாப் வாங்கும் வீடுகள் தானாகவே பட்டியலில் வந்துவிடும். மற்றவர்கள் ஒவ்வொரு வருஷமும் லஞ்ச் ஃபார்ம் நிரப்ப வேண்டும். வீட்டில் எத்தனை பேர், யார் யாருக்கு என்ன சம்பளம், எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, அரசு தரும் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நாலு இலக்கம். எண் இல்லாவிட்டால் இல்லை என்று ஒரு கட்டத்தில் டிக் அடிக்கலாம். அந்தக் கட்டத்தைக் கண்டதும் பேனாவை மூடிவைத்துவிடும் குடும்பங்கள் எத்தனையோ. எந்தக் குடும்பம் என்று கேஷ் ரெஜிஸ்டரில் நிற்கும் எங்களுக்குத் தெரியும். பிள்ளை தன் சாப்பாட்டுக் கணக்கு எண்ணை அழுத்தும், திரையில் மைனஸ் தொகை வரும், நாங்கள் கண்டும் காணாமல் தட்டை நகர்த்திவிடுவோம்.

நான் விருதுநகர்ப் பக்கம் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவள். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றால் சோறு விழும், அவ்வளவுதான் அங்கே தகுதி. அதனால் இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த மூன்று விலைக் கணக்கு எனக்கு விளங்கவே இல்லை. ஒரே பீட்சாத் துண்டுக்கு மூன்று விலையா? எங்கள் கிச்சன் மேனேஜர் மெக்சிகோக்கார அம்மா, இருபது வருஷ சர்வீஸ். ‘அரசாங்கம் நம்மிடம் கேட்பது சாப்பாட்டுக் கணக்கில்லை, காகிதக் கணக்கு’ என்பார்.

2020 மார்ச்சில் அந்தக் காகிதம் காணாமல் போனது. மத்திய வேளாண் துறைதான் இங்கே பள்ளி உணவுக்குப் பணம் தருகிறது. அது அடுத்தடுத்து விதிகளைத் தளர்த்தியது. பிள்ளைகள் ஒரே இடத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்ற விதி போயிற்று. நேரக் கட்டுப்பாடு போயிற்று. சாப்பாடு வாங்கப் பிள்ளை நேரில் வர வேண்டும் என்ற விதி மார்ச் கடைசியில் போயிற்று, அம்மாவோ தாத்தாவோ வந்து வாங்கிக்கொள்ளலாம். கோடை விடுமுறையில் ஏழைப் பகுதிகளில் மட்டும் நடக்கும் திறந்த உணவுத் திட்டத்தை எங்கள் மாதிரிப் புறநகர்களும் நடத்தலாம் என்றார்கள். 18 வயது வரை உள்ள எந்தப் பிள்ளைக்கும், எந்தப் பள்ளியில் படித்தாலும், படிக்காவிட்டாலும், கொடுக்கலாம். பெயர் எழுத வேண்டாம். எங்களிடம் இருந்தது ஒரு விரலளவு எண்ணிக்கைக் கருவி. ஒரு பை கொடுத்தால் ஒரு சொடுக்கு.

லாஸ் ஏஞ்சலஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. நாட்டின் இரண்டாவது பெரிய டிஸ்ட்ரிக்ட் அது. மார்ச் 13 வெள்ளிக்கிழமை மூடுவதாக அறிவித்து, 18-ஆம் தேதி புதன்கிழமை காலையில் 60 இடங்களில் உணவு விநியோகத்தைத் தொடங்கிவிட்டார்கள். வந்தவர் பெரியவராக இருந்தாலும் இல்லை என்று சொல்லவில்லை. பெரியவர்களின் சாப்பாட்டுக்கு மத்திய அரசு பணம் தராது. அது தெரிந்தும் கொடுத்தார்கள். அப்போதைய கண்காணிப்பாளர் ஆஸ்டின் பியூட்னர் கல்வித்துறையில் இருந்து வந்தவர் இல்லை, முதலீட்டு வங்கி ஆள். ஒருவேளை அதனால்தானோ என்னவோ, முதலில் கொடுப்போம், கணக்கை அப்புறம் பார்ப்போம் என்று சொல்ல முடிந்தது.

எங்கள் சமையலறையில் அதிகாலையிலேயே பை கட்டத் தொடங்குவோம். ஒரு பையில் ஒரு மதியச் சாப்பாடும் அடுத்த நாள் காலைச் சாப்பாடும் இருக்க வேண்டும். வேர்க்கடலை ஒவ்வாமை பயத்தால் சூரியகாந்தி விதை வெண்ணெய் தடவிய சாண்ட்விச், விரல் நீளக் கேரட் ஒரு சின்னப் பாக்கெட், ஓர் ஆப்பிள், அரை பைண்ட் பால், காலைக்கு ஒரு சீரியல் டப்பா, இன்னொரு பால். தானியம், புரதம், காய், பழம், பால் என்ற ஐந்து கணக்கும் வந்தால்தான் பணம் வரும். அதனால் கேரட் பாக்கெட் தீர்ந்துபோன ஒரு நாள் சமையலறையே கலவரமானது. கடைசியில் டப்பாவில் இருந்த சோளத்தைக் குட்டிக் கிண்ணங்களில் அள்ளி மூடி போட்டு ஒப்பேற்றினோம். வெள்ளிக்கிழமைப் பை கனமாக இருக்கும், சனி ஞாயிறுக்கும் சேர்த்து. அந்த இலையுதிர் காலத்தில் தினசரிப் பை வாரப் பெட்டியாக மாறியது, அது வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு வசதியாகவும் இருந்தது.

ஆரம்பத்தில் பள்ளி வாசலில் மட்டும்தான் கொடுத்தோம். வந்தவர்கள் யார் என்று பார்த்தால், கார் வைத்திருப்பவர்கள். வர வேண்டியவர்கள் வரவில்லை என்பதை முதலில் சொன்னது மேலதிகாரிகள் இல்லை, பஸ் டிரைவர்கள். பிள்ளைகளே ஏறாத பஸ்ஸுக்கு டிரைவர் எதற்கு என்று எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, பைகளை ஏற்றிக்கொண்டு பழைய ரூட்டிலேயே போகலாமே என்றார்கள். பல ஊர்களில் இதே யோசனை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. நான் பைக்காரியாக ஒரு பஸ்ஸில் ஏறினேன்.

எந்த வீட்டில் எத்தனை பிள்ளை, எந்தத் தெரு முனையில் எந்த அண்ணன் தங்கச்சியைக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பான் என்பதெல்லாம் அந்த டிரைவருக்கு மனப்பாடம். நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மோட்டலுக்கு முன்னால் நிறுத்தினார். எனக்குப் புரியவில்லை. வீடில்லாத குடும்பங்கள் சில வாரக்கணக்கில் அங்கே தங்கியிருந்தன. வீடற்ற பிள்ளை எங்கே தங்கினாலும் அதன் பழைய பள்ளிக்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பது 1987-இல் வந்த மெக்கின்னி வென்டோ சட்டத்தின் வழி வந்த கடமை. அதனால் டிஸ்ட்ரிக்டின் பஸ் ரூட்டில் அந்த மோட்டல் ஏற்கெனவே இருந்தது. டிரைவர் ஹாரனை இரண்டு தடவை அடித்தார். மாடிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பள்ளி திறந்திருந்தபோது இந்தப் பிள்ளைகளை அடையாளம் காண்பது ஆசிரியர் கண்ணும் பள்ளி ஆலோசகர் கண்ணும். மூடிய பிறகு மிஞ்சியது அந்த ரூட் தாள்தான்.

அதே ரூட்டில் வசதியான ஓர் அடுக்ககமும் உண்டு. அங்கே ஒரு தமிழ்ப் பெரியவர் பேரப்பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு தூரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார். பிப்ரவரியில் மகளைப் பார்க்க வந்து, விமானம் நின்று, திரும்பிப் போக வழியில்லாமல் மாட்டிக்கொண்டவர். ஒரு நாள் நானே கூப்பிட்டேன்.

“ஐயா, வாங்க. பிள்ளைங்களுக்குப் பை எடுத்துக்குங்க.”

“இல்லீங்கம்மா, இது கஷ்டப்படறவங்களுக்குக் குடுக்கறதாச்சே. மாப்பிள்ளை நல்ல வேலையில இருக்கறாருங்க.”

“எல்லாப் பிள்ளைங்களுக்கும்தான்யா. யாருன்னே கேக்க மாட்டோம்.”

“பேரு எழுத வேண்டாங்களா? கையெழுத்து?”

“ஒண்ணும் வேண்டாம்யா.”

கொஞ்ச நேரம் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கறி கிறி ஏதும் இருக்குங்களா இதுல?” என்றார். இல்லை என்றதும் வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் பார்த்தால் அதே அடுக்ககத்தில் இருந்து இன்னும் நாலைந்து தாத்தா பாட்டிமார் முகக்கவசத்தோடு வரிசையில் நின்றார்கள். அதில் ஒரு வீட்டில் மாப்பிள்ளைக்கு வேலை போயிருந்தது என்பதைப் பின்னால்தான் கேள்விப்பட்டேன். எல்லோரும் நிற்கிற வரிசையாக இருந்ததால்தான் அந்த வீட்டாரும் வந்து நின்றார்கள். தனி வரிசை என்றால் வந்திருக்க மாட்டார்கள். இதை நான் அடித்துச் சொல்வேன்.

தமிழ்க் குடும்பங்களின் தயக்கத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. ‘பப்ளிக் சார்ஜ்’ என்று ஒரு குடியேற்ற விதி. அரசு உதவி வாங்கினவர்களுக்குக் கிரீன் கார்டு மறுக்கலாம் என்று அதை விரிவாக்கியிருந்தார்கள், பள்ளிகள் மூடுவதற்குச் சரியாக முந்தைய மாதம், 2020 பிப்ரவரி 24 அன்று அது அமலுக்கு வந்தது. பள்ளி உணவு அந்தக் கணக்கில் சேராது. ஆனால் வாட்ஸாப்பில் யார் அதைப் படித்தார்கள்? ‘ஸ்கூல்ல ஃப்ரீ லஞ்ச் வாங்கினா கிரீன் கார்டு போச்சு’ என்ற ஒற்றை வரிதான் சுற்றியது. 2021 மார்ச்சில் அந்த விரிவாக்கம் கைவிடப்பட்டது, பயம் மட்டும் இன்றைக்கும் போகவில்லை. பெயரே எழுதாத பைக்கு அந்தப் பயம் தேவைப்படவில்லை.

பண உதவியிலும் இதே கதைதான். பள்ளியில் இலவசச் சாப்பாடு கிடைத்திருக்க வேண்டிய பிள்ளைகளுக்கு அந்தச் சாப்பாட்டின் விலையை ஒரு கார்டில் போட்டு அனுப்பும் திட்டம் ஒன்றை 2020 மார்ச் 18-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது, பெயர் பி-ஈபிடி. யாருக்கு அனுப்புவது என்பது பள்ளிகளின் பட்டியலைப் பொறுத்தது. நியூயார்க் நகரில் 2017-இல் இருந்தே எல்லாப் பொதுப்பள்ளி மாணவர்களுக்கும் மதியச் சாப்பாடு இலவசம். ஆகவே நகரத்தின் பொதுப்பள்ளிப் பிள்ளைகள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு, அப்பா என்ன வேலை பார்த்தாலும், எந்த விசாவில் இருந்தாலும், விசாவே இல்லாவிட்டாலும், தலைக்கு 420 டாலர் வந்தது. கோடீஸ்வரர் வீட்டுக்கும் போயிற்றே என்று பத்திரிகைகளில் முணுமுணுப்பு. போகட்டுமே! வேண்டாதவர்கள் உணவு வங்கிக்குக் கொடுத்தார்கள். கோடீஸ்வரரை வடிகட்ட ஒரு ஃபார்ம் போட்டிருந்தால் முதலில் வடிகட்டப்பட்டிருப்பது பாத்திரம் கழுவுகிறவரின் பிள்ளைதான். கலிஃபோர்னியாவில் ஒரு பிள்ளைக்கு 365 டாலர் வரை. பட்டியலில் ஏற்கெனவே இருந்தவர்களுக்குத் தானாக வந்தது, மற்றவர்கள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

இணையத்துக்கு வருவோம். 2020 ஆகஸ்டில் ஒரு படம் உலகம் சுற்றியது. கலிஃபோர்னியாவின் சலினாஸ் ஊரில் இரண்டு சிறுமிகள் டாக்கோ பெல் கடைக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்து, கடையின் வைஃபையில் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். நாடு முழுக்கச் சாப்பிடும் கீரை விளையும் பள்ளத்தாக்கு அது, பிள்ளைகளில் பலர் பண்ணைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். சிலிக்கான் பள்ளத்தாக்கில் இருந்து காரில் ஒரு மணி நேரச் சொச்சம். படம் வந்ததும் டிஸ்ட்ரிக்ட் அந்தக் குடும்பத்துக்கு ஹாட்ஸ்பாட் கொடுத்தது. படத்தில் வராத குடும்பங்களும் அந்த ஊரில் இருந்தன.

ஹாட்ஸ்பாட் என்பது பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்களின் பதில். உள்ளங்கையில் அடங்கும் கருவி, செல்போன் கோபுரத்தில் இருந்து இணையம் பிடிக்கும். மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஸூமில் ஏறினால் மூன்று முகமும் உறைந்துவிடும். கோபுரம் எட்டாத மலைச்சரிவில் அது வெறும் டப்பா. டெக்சஸின் ஆஸ்டின் டிஸ்ட்ரிக்ட் பஸ்களில் வைஃபை பொருத்தி, இணையம் குறைவாக உள்ள பகுதிகளில் கொண்டுபோய் நிறுத்தியது. வேறு பல ஊர்களும் அப்படிச் செய்தன. நல்ல யோசனைதான், ஆனால் வாகன நிறுத்தத்தில் காருக்குள் உட்கார்ந்து கணக்குப் போடும் பிள்ளையைப் படிக்கிற பிள்ளை என்று புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை.

சரியாகச் செய்தது என்று நான் நினைப்பது டென்னசி மாநிலத்தின் சட்டனூகா. அங்கே மின்சாரம் விநியோகிக்கும் இபிபி என்ற நிறுவனம் நகரத்துக்குச் சொந்தமானது. கம்பத்துக்குக் கம்பம் ஃபைபர் இழுத்து, 2010-லேயே வீடுகளுக்கு ஒரு கிகாபிட் இணையம் கொடுத்த ஊர். ஆக, ஏழை வீட்டு வாசலிலும் கம்பி ஏற்கெனவே நின்றது, மாதக் கட்டணம் கட்டத்தான் காசில்லை. 2020 ஜூலையில் இபிபியும் ஹாமில்டன் கவுண்டிப் பள்ளி டிஸ்ட்ரிக்டும் சேர்ந்து எட்கனெக்ட் என்ற திட்டத்தை அறிவித்தன. நகரமும் கவுண்டியும் தனியார் அறக்கட்டளைகளும் பணம் போட்டன. இலவச அல்லது குறைந்த விலை உணவுக்குத் தகுதியான சுமார் 28,000 மாணவர்களின் வீடுகளுக்கு நொடிக்கு 100 மெகாபிட் இணையம், பத்து வருஷத்துக்குக் கட்டணமே இல்லாமல். பதிவேற்றும் வேகமும் பதிவிறக்கும் வேகமும் ஒன்றே, அளவுக் கட்டுப்பாடு கிடையாது. ‘நெருக்கடி தீரும்வரை’ என்று சொல்லவில்லை, பத்து வருஷம் என்றார்கள். 2020-இல் ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை அதைக்கொண்டு பதினோராம் வகுப்புக்குப் போய்விடலாம். யாருக்குத் தகுதி என்பதை அவர்கள் புதிதாக விசாரிக்கவில்லை, டிஸ்ட்ரிக்ட் கையில் இருந்த சாப்பாட்டுப் பட்டியலையே எடுத்துக்கொண்டார்கள்.

கருவியும் இணையமும் வந்தால் போதுமா? எங்கள் வீட்டுக் கடைக்குட்டி அப்போது கிண்டர்கார்டன். குரோம்புக் என்ற மடிக்கணினி வந்தது, அதோடு கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம் போல ஓர் அட்டை, அதில் கியூஆர் குறி. காலையில் அந்த அட்டையைக் கேமராவுக்கு முன்னால் பிடித்தால் உள்ளே விடும். ஐந்து வயதுக் கை ஆடும், வெளிச்சம் பின்னால் இருந்தால் பிடிக்காது, அட்டை பொம்மைப் பெட்டிக்குள் போய்விடும். படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் அந்த வகுப்பு நடக்கும். அதாவது வீட்டில் ஒருவரின் வேலையை டிஸ்ட்ரிக்ட் எடுத்துக்கொண்டது, சம்பளம் இல்லாமல். எங்கள் வீட்டில் கணவருக்கு வீட்டில் இருந்தே வேலை, நான் பைகளோடு பஸ்ஸில், என் மாமியார் அட்டையோடு கேமரா முன்னால். மாமியார் இல்லாத வீடுகள்? மருத்துவமனைக்கும் மளிகைக் கடைக்கும் வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள்? மருத்துவ, அவசரப் பணியாளர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள டிஸ்ட்ரிக்ட்கள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ஆளுநர் சொல்லியிருந்தார். மளிகைக் கடைக் கல்லாக்காரரின் பிள்ளை முதலில் அதில் வரவில்லை.

இங்கே உதவியது தொலைபேசி. பள்ளி திறந்திருந்தபோது வகுப்பில் ஆசிரியருக்குத் துணையாக இருந்த பாரா எஜுகேட்டர்களை, அலுவலக ஊழியர்களை, வீடு வீடாக அழைக்கச் சொன்னார்கள். ‘ஏன் வகுப்புக்கு வரவில்லை’ என்று தொடங்கிய அழைப்புகளுக்குப் பதில் வரவில்லை, எண்ணைப் பார்த்தே துண்டித்தார்கள். ‘எப்படி இருக்கிறீர்கள், என்ன வேண்டும்’ என்று தொடங்கியவர்களிடம் பேசினார்கள். மொழி தெரியாத வீடு என்றால் இணைப்பில் ஒரு மொழிபெயர்ப்பாளரையும் சேர்த்துக்கொள்ளும் வசதி இருந்தது. அந்த அழைப்புகளில் இருந்துதான் ஒரு பெண்ணுக்கு மேஜை இல்லை, இஸ்திரிப் பலகையில் குரோம்புக்கை வைத்துப் படிக்கிறாள் என்பதும், ஒரு பையன் பகலில் அப்பாவோடு புல்வெட்டப் போகிறான் என்பதும் தெரிந்தது. எந்த ஃபார்மில் இதற்குக் கட்டம் இருக்கிறது?

எதுவுமே சரியாகப் போய்ச் சேராத இடம் ஒன்று உண்டு, சிறப்புக் கல்வி. சட்டப்படி ஒவ்வொரு சிறப்புத் தேவைப் பிள்ளைக்கும் ஐஇபி என்ற தனித் திட்டம் எழுதியிருக்கும். வாரத்துக்கு இத்தனை நிமிடம் பேச்சுப் பயிற்சி, இத்தனை நிமிடம் கைப்பழக்கப் பயிற்சி. ஓர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்கையைத் தாங்கிப் பிடித்துச் செய்ய வேண்டிய வேலையை எந்தத் திரை செய்யும்? பேசாத மகனை மடியில் வைத்துக்கொண்டு திரையில் இருக்கும் பயிற்சியாளர் சொல்வதைத் தானே செய்த ஒரு தாயை எனக்குத் தெரியும். பயிற்சியாளர் நல்லவர், தாயும் சளைக்காதவர், பையன் ஐந்து நிமிடத்தில் மேஜைக்கு அடியில் போய்விடுவான். நிமிடக் கணக்கு மட்டும் ஏட்டில் நிரம்பியது. 2020 இலையுதிர் காலத்தில் எங்கள் பக்கத்து டிஸ்ட்ரிக்ட்கள் பலவும் இந்தப் பிள்ளைகளைத்தான் சின்னச் சின்னக் குழுக்களாக முதலில் பள்ளிக்குத் திருப்பி அழைத்தன. அது சரியான முடிவு. இன்னும் சீக்கிரம் எடுத்திருக்கலாம்.

உணவுச் சலுகை 2022 ஜூன் வரை நீண்டது. இடையில் நிறுத்தப் பார்த்து, பெற்றோரும் டிஸ்ட்ரிக்ட்களும் சத்தம் போட்டபின் நீட்டித்து, மறுபடி நீட்டித்து, கடைசியில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறுத்திவிட்டது. அந்த செப்டம்பரில் எங்கள் ரெஜிஸ்டரில் பழைய எண்பலகை திரும்ப வந்தது, பிள்ளைகள் பலருக்குத் தங்கள் எண் மறந்துபோயிருந்தது. இரண்டு வருஷம் இலவசம் என்று பழகிய பெற்றோருக்கு ஃபார்ம் நிரப்ப வேண்டும் என்பதே தெரியவில்லை. அக்டோபரில் பார்த்தால் திரையெல்லாம் மைனஸ். கலிஃபோர்னியாவும் மேய்னும் 2021-லேயே போட்டுக்கொண்ட சொந்தச் சட்டப்படி அந்த வருஷமே எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கின, அப்புறம் வேறு சில மாநிலங்களும். வாஷிங்டன் 2023-இல் ஏழைப் பிள்ளைகள் குறிப்பிட்ட விகிதத்துக்கு மேல் படிக்கும் தொடக்கப் பள்ளிகளுக்கு மட்டும் சட்டம் போட்டது. எங்கள் பள்ளி அந்த விகிதத்தைத் தொடவில்லை.

இணையத்திலும் அதுவே. பள்ளிகள் வீட்டு இணையத்துக்குச் செலவழிக்க 2021-இல் காங்கிரஸ் 717 கோடி டாலர் ஒதுக்கியது. குடும்பங்களுக்கு மாதம் 30 டாலர் கழிவு கொடுத்த ஏசிபி திட்டம் பணம் தீர்ந்து 2024-இல் நின்றது. ஹாட்ஸ்பாட்களைப் பல இடங்களில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

இதை வாசிக்கும் அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோரில் வேலை இழந்தவர்களோ ஒற்றைச் சம்பளத்தில் ஓட்டுபவர்களோ இருந்தால், உங்கள் டிஸ்ட்ரிக்டின் லஞ்ச் ஃபார்மை நிரப்பிக் கொடுங்கள். வருஷத்தின் நடுவில் வேலை போனாலும் அன்றைக்கே நிரப்பலாம், செப்டம்பருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் குடியுரிமை நிலையை அதில் கேட்க மாட்டார்கள். சாப்பாட்டைப் பிள்ளை தொடாவிட்டாலும் பரவாயில்லை. பள்ளிக்கு வரும் கூடுதல் நிதி பலவற்றுக்கு இந்தத் தலைக்கணக்குதான் அடிப்படை. பல டிஸ்ட்ரிக்ட்களில் விளையாட்டுக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் இதை வைத்தே குறையும். சந்தேகம் இருந்தால் பள்ளி அலுவலகத்தில் கேட்காதீர்கள், அங்கே பாவம் அவர்களுக்கே தெரியாது. நேரே சமையலறைக் கதவைத் தட்டுங்கள்.